டீசல் எரிபொருள் குழாய்க் கசிவு

டீசல் எரிபொருள் குழாய்க் கசிவு என்பது சரக்குந்துகளில் எரிபொருள் தொட்டிக்கும் உட்செலுத்திக்கும் இடையேயுள்ள குழாய்களிலோ இணைப்புகளிலோ ஏற்படும் பழுது ஆகும்.

எல்லாக் கசிவும் தரையில் சொட்டுவதில்லை. தொட்டியிலிருந்து ஊட்டு பம்பு வரையுள்ள உறிஞ்சு குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. எனவே அங்குள்ள வெடிப்பு வழியே டீசல் வெளிவராமல் காற்றே உட்புகும். இரவு முழுதும் நின்ற வண்டி, கைப்பம்பை அடித்த பின்னரே கிளம்புவது இதன் அறிகுறி. பம்புக்கு முன் ஒளிபுகும் குழாயொன்றை இணைத்து இயந்திரத்தை ஓடவிட்டால் காற்றுக் குமிழிகளைக் காணலாம்.

உயரழுத்தப் பகுதியில் இயந்திரம் ஓடும்போது கையால் தடவிப் பார்த்தல் கூடாது. காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டக்கூடும். ஊசித்துளையில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினும் உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம். ஆகவே அட்டைத் துண்டொன்றைக் குழாயருகே நகர்த்தி, அதில் ஈரம் படும் இடத்தைக் கொண்டு கசிவை அறிவர்.