தரைக்கு மேல், தரைக்குக் கீழ்: செம்பூர் வட்டாரச் சமுதாயக் கழிப்பறைகளும் பொதுச்சேவைப் பொறுப்பும்

மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை 2009இல் எம் கிழக்கு வார்டுக்குக் கிடைத்த குறியீட்டு எண் 0.05. மாநகரின் வார்டுகளில் அதுதான் கடைசி இடம். கோவண்டி, மான்குர்த், தேவனார், டிராம்பே, சீத்தா கேம்ப் எல்லாம் இதில் அடங்கும். செம்பூர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள எம் மேற்கு வார்டும் இதுவும் முன்பு ஒரே வார்டாக இருந்தவை. இங்கே உழைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. டாடா சமூக அறிவியல் கழகம் தேவனாரிலேயே இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் அரை நூற்றாண்டாக வேலை செய்கின்றன. உலக வங்கிப் பணமும் வந்திருக்கிறது. இத்தனை பேர் இருந்தும் அடிப்படைச் சேவைகள் ஏன் தடுமாறுகின்றன என்ற கேள்விக்கு, சமுதாயக் கழிப்பறைகளை வைத்து ஒரு பகுதி விடையையாவது தேட முயல்கிறேன். ஒரு சேவையில் எதைக் கைமாற்றலாம், எதைக் கைமாற்றவே கூடாது என்று அரசு பிரித்துப் பார்க்காத இடத்தில் எந்தக் கூட்டாண்மையும் நிலைக்காது என்பதே என் வாதம்.

பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். கோலார் தங்கவயலில் பிறந்து 1960களில் மும்பைக்கு வந்த ஜோக்கின் அற்புதம், மான்குர்த் பக்கம் இருந்த ஜனதா காலனியில் குடியேறினார். அங்கே குப்பை அள்ள மாநகராட்சி ஆள் அனுப்பவில்லை. காலனிப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமக்கவைத்து, மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார். அவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கும் இந்த நிகழ்ச்சியைப் பலரும் சுயஉதவிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பிள்ளைகள் தெருவைச் சுத்தம் செய்தார்கள், சரி. ஆனால் குப்பையைப் போட ஒரு காலி இடத்தைத் தேடவில்லை, அலுவலகத்தைத் தேடிப் போனார்கள். அள்ளுவதுவரை எங்கள் வேலை, அதற்குப் பிறகு உங்கள் வேலை என்ற எல்லைக்கோட்டை அவர்கள் அந்த வாசலில் போட்டார்கள். அணுசக்தி நிறுவனத்துக்காக 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனியே இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். இன்றும் தமிழ் கேட்கும் இடம் அது. 

அற்புதம் 1974இல் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, 1984இல் உருவான ஸ்பார்க் தொண்டு நிறுவனம், நடைபாதைவாசிப் பெண்களின் மகிளா மிலன் ஆகிய மூன்றும் சேர்ந்து நின்றபோது, அந்த எல்லைக்கோட்டை ஒரு திட்டமாகவே எழுதிப்பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. 1995இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய கழிவுநீர் அகற்றும் திட்டத்தின் ஓர் அங்கமாக மாநகராட்சி குடிசைப் பகுதிச் சுகாதாரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டடச் செலவு மாநகராட்சியுடையது. பகுதி மக்கள் குழு அமைத்துப் பதிவு செய்ய வேண்டும். பெரியவர் ஒருவருக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் என்று முன்பணம் கட்ட வேண்டும். அதன் பிறகே கட்டட வேலை. கட்டி முடிந்ததும் பராமரிப்பு, காவலாளி சம்பளம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் குழுவின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் 300க்கும் மேற்பட்ட கழிப்பறைத் தொகுதிகளில் 5,000க்கும் மேற்பட்ட இருக்கைகள் வந்தன.

முன்பணம் கேட்டதைப் பலர் குறை சொன்னார்கள். ஏழையிடம் கழிப்பறைக்குக் காசா என்ற கேள்வி நியாயமானது. வசதியான குடியிருப்புகளுக்குச் சாக்கடை இணைப்பு வரும்போது அங்கே யாரையும் குழு அமைத்து வரச் சொல்வதில்லை. ஆனால் அந்த 100 ரூபாயால் நடந்த ஒன்றை மறுக்க முடியாது. மாநகராட்சியே கட்டி மாநகராட்சியே கைவிட்ட பழைய கக்கூஸ்களில் பூட்டு உடைந்தால் கேட்க ஆளில்லை. குழு நடத்தும் புதியவற்றிலோ, மாதப் பாஸ் வாங்கிய குடும்பம் காவலாளியைக் கேட்கும், காவலாளி குழுவைக் கேட்பார். உலக வங்கியின் 2004ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை இதைப் பொறுப்புடைமையின் குறுக்குவழி என்கிறது: வாக்காளர் அரசியல்வாதியிடமும் அவர் அதிகாரியிடமும் சொல்லிச் சுற்றிவராமல், பயனாளி நேரே சேவை தருபவரைக் கேட்பது.

குறுக்குவழி எதுவரை போகும்? தரைமட்டம் வரை. கதவு, விளக்கு, தரை கழுவுதல், பாஸ் வசூல் எல்லாம் தரைக்கு மேலே இருப்பவை. கண்ணுக்குத் தெரியும், குழுவின் வருமானத்துக்குள் அடங்கும். மலக்குழியும் அஸ்திவாரமும் சாக்கடை இணைப்பும் கீழே இருப்பவை. பெரும்பாலான தொகுதிகள் சாக்கடையோடு இணைக்கப்படாமல் மலக்குழியை நம்பியே நிற்கின்றன. அதைப் பாதுகாப்பாக உறிஞ்சி எடுக்க இயந்திரமும் லாரி நுழையும் சந்தும் கழிவைக் கொட்ட இடமும் வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைக் குழியில் இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. பாஸ் வருமானத்தில் ஓடும் குழு எந்த வழியில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றும்? 2017 பிப்ரவரியில் மான்குர்தில் ஒரு பொதுக் கழிப்பறையின் தளம் இடிந்து மலக்குழிக்குள் விழுந்ததில் மூன்று பேர் இறந்தார்கள். மாநகராட்சி கட்டியவை, மாநில வீட்டுவசதி அமைப்பான மஹாடா கட்டியவை, சட்டமன்ற உறுப்பினர் நிதியில் வந்தவை என்று ஒரே பஸ்தியில் பல வகைக் கழிப்பறைகள் நிற்கும்போது, தளத்தின் வலிமையைச் சோதிக்கும் கடமை யாருடையது என்பது விபத்துக்குப் பிறகுதான் விவாதமாகிறது.

ஒரு சேவையை மக்களும் அரசும் சேர்ந்து உருவாக்கும் கூட்டு உற்பத்தி பற்றி அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் 1996இல் எழுதிய கட்டுரை இங்கே துணைக்கு வருகிறது. பிரேசிலில் வீதிக்குள் ஓடும் சிறு குழாய்களைக் குடியிருப்போர் கவனித்துக்கொள்ள, பெருங்குழாய்களை அரசு அமைப்பு கவனித்துக்கொண்டது. இரு தரப்பின் உழைப்பும் ஒன்றை ஒன்று நிரப்பும்போதுதான் பலன் உண்டு, ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்கும்போது இல்லை என்பது அவர் கண்டது. திருச்சியிலும் கிட்டத்தட்ட இதைப் பார்க்கலாம். கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, குடிசைப் பகுதிப் பெண்கள் குழுக்கள் கட்டணக் கழிப்பறைகளை நடத்தின. கல்மந்தை 2002இல் திறந்தவெளி மலங்கழித்தல் இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே டோக்கன் கொடுப்பவரும் கணக்கு எழுதுபவரும் அதே தெருப் பெண்கள். குழுக்களுக்கு மேலே ஒரு கூட்டமைப்பும் இருந்தது. மும்பையில் பல குழுக்கள் தனித்தனியாக நிற்கின்றன. காலப்போக்கில் சில இடங்களில் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரின் தனி வருமானமாகக் கழிப்பறை மாறிவிடும் அபாயமும் அதனாலேயே கூடுகிறது.

ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிப்பதற்கு உதாரணம் துப்புரவுப் பணி. மாநகராட்சி 2001இல் தொடங்கிய தத்தக் வஸ்தி யோஜனாவில் குடிசைப் பகுதிகளின் குப்பை அள்ளும் வேலை உள்ளூர் அமைப்புகளிடம் போனது. அள்ளுபவர்கள் தொண்டர்கள் எனப்பட்டார்கள், கிடைத்தது மதிப்பூதியம். இதே நகரில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் 2,700 பேரை நிரந்தரமாக்கும் உத்தரவைக் கச்சரா வாகதுக் சிரமிக் சங்கம் நீண்ட சட்டப் போருக்குப் பின் 2017இல் உச்ச நீதிமன்றம்வரை சென்று உறுதிசெய்துகொண்டது. மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் கூலியைக் குறைப்பதை நிர்வாகத் திறமை என்று நான் கணக்கிட மாட்டேன்.

2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்சேவக் (மாநகராட்சி உறுப்பினர்) இல்லாமல் நிர்வாக அதிகாரியின் கீழ் ஆண்டுகள் ஓடின. குறுக்குவழி தரையோடு நின்றுவிடும் இடத்தில் தேவைப்படும், வாக்காளரிடமிருந்து அரசியல்வாதி வழியாக அதிகாரியைச் சேரும் நீண்ட வழியே அப்போது அடைபட்டுப்போனது. குழி நிரம்பினால் குழு வார்டு ஆபீசுக்குத்தான் போக வேண்டும்; அங்கே எந்த மேசைக்குப் போவது என்பது குழுவுக்கும் மாநகராட்சிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சி தன் செலவில் குழியைக் காலிசெய்யும், எப்போது கட்டடத்தைச் சோதிக்கும், எந்தப் பதவியில் இருப்பவர் பதில் சொல்வார் என்ற மூன்றையும் அதில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கழிப்பறைச் சுவரில் கட்டண விவரம் எழுதும் பலகையிலேயே அவற்றுக்கும் இடம் உண்டு.