தேசவழமையும் கேட்டு விற்கிற காணியும்

தேசவழமை என்றதும் எங்கட ஆக்களுக்குச் சீதனமும் முதுசமும்தான் ஞாபகம் வரும். எனக்கு முக்கியமாகப் படுவது அதிலுள்ள வேறொரு வழமை: காணி விற்கிறவர் முதலில் உரியவர்களிடம் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து வழமைகள் 1707இல் ஒல்லாந்தரால் எழுத்துக்கு வந்தன. ஆளுநர் சீமோன்ஸின் கட்டளைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். தமிழில் பெயர்த்து 12 முதலிமாருக்குக் காட்டி, அவர்கள் சரியென்ற பிறகுதான் அது சட்டமாகியது. ஆங்கிலேயரும் 1806இல் அதை ஏற்றுக்கொண்டனர்.

பழைய வழமைப்படி உரித்தாளிகள், பங்குக்காரர், அந்தக் காணியை ஈடு பிடித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரர் ஆகியோருக்கு அறிவிக்காமல் விற்க முடியாது. ஒல்லாந்தர் காலத்தில், தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். களவாக விற்க வழியில்லை, ஊருக்கே தெரிந்துவிடும்.

1947ம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமையைப் பங்குக்காரர், உரித்தாளிகள் என்பவர்களோடு மட்டுப்படுத்தியது. அயலவர் விடுபட்டார். ஆனாலும் அறிவிக்காமல் விற்றால் பங்குக்காரர் வழக்குப் போட்டு, பணத்தைக் கட்டிக் காணியைக் கேட்கலாம்.

இதை முழுக்கப் புகழவும் முடியாது. அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844இல்தான் சட்டப்படி ஒழிந்தது. காணி சொந்தத்துக்குள்ளேயே நின்றதால், காணியில்லாதவர்கள் காணியில்லாமலேயே இருந்தார்கள். எங்கள் ஒற்றுமையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும்.

1983க்குப் பிறகு ஒரே உறுதியில் பெயருள்ள சகோதரர்கள் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று சிதறிவிட்டோம். நான் வேலை செய்யும் உணவகத்தில் ஒருவர் தமையனோடு ஆறு வருசமாகக் கதையாமல் இருந்தவர். ஊரிலிருந்து காணி அறிவித்தல் வந்த பிறகுதான் தொலைபேசி எடுத்தார். முதலில் சண்டை. பிறகு அம்மாவைப் பற்றிக் கதைத்தார்களாம். காணி இன்னும் விற்கப்படவில்லை.

சட்டத்தால் பாசத்தை உண்டாக்க முடியாது. ஆனால் ஒருவரை ஒருவர் கேட்காமல் இருக்க விடாது. "அறிவித்தலை அனுப்ப முதல் தமையனோட ஒருக்காக் கதையுங்கோ" என்று சொல்கிற ஒரு நொத்தாரிசு, ஒரு வழக்கையும் ஒரு குடும்பத்துப் பகையையும் சேர்த்துத் தடுக்கிறார். அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வைத்து அனுப்புகிற நாங்களும் முதலில் அந்த அழைப்பை எடுக்கலாம்.