மங்கில் தொடங்கும் வேதிவினை: இயற்கை ரப்பரின் ஒட்டு இணைபல்லுறுப்பிகள்

மலேசியாவின் ஈப்போ நகரிலுள்ள புந்தோங்கில் வாழும் முதியவர்களில் பலர் அந்நகரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவியவர்கள். வடிந்த பால் மங்கு என்னும் கிண்ணத்திலேயே உறைந்துவிடாமல், பாலை அளந்து சேர்க்கும் ஸ்டோருக்குக் கொண்டுசேர்க்க அவர்கள் கடைப்பிடித்த வழக்கங்கள் தோட்டத்து வேலைமுறையாக மட்டுமே பதிவாகியுள்ளன. அவற்றை வேதிவினையின் முதல் கட்டமாகவே எண்ண வேண்டும் என்பது என் வாதம். அதற்கு நல்ல சான்று ஹெவியாபிளஸ் எம்.ஜி.

1950களில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் உருவாக்கிய பொருள் இது. அம்மோனியா சேர்த்த பாலில் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தையும் ஒரு ஹைட்ரோபெராக்சைடையும் கலந்து, கடைசியில் ஓர் அமீனை ஊற்றுவார்கள். ரப்பர்த் துகளுக்குள் ஊறிய திரவம் அங்கேயே சங்கிலியாக வளர்ந்து, ரப்பர்ச் சங்கிலியில் கிளையாக ஒட்டிக்கொள்ளும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இத்தகைய வினைகளுக்குப் பெரும் தடை. அமீன் முறை அதை ஓரளவு தாங்கும் என்பதால்தான் சாதாரண ஆலையிலும் இது நடந்தது. எம்.ஜி. 30, எம்.ஜி. 49 என்னும் பெயர்களிலுள்ள எண்கள் நூற்றில் எத்தனை பங்கு மெத்தாக்ரிலேட் பல்லுறுப்பி என்பதைக் குறிக்கும்.

அச்சங்கத்தின் ஆய்வாளர் மெரெட் காட்டியது இன்றும் வியப்பளிக்கிறது. ஒட்டுப் பொருளைப் பென்சீனில் கரைத்து, ஒரு பகுதியில் பெட்ரோலிய ஈதரையும் மறுபகுதியில் மெத்தனாலையும் சேர்த்து உலர்த்தினால், முன்னது நெகிழ்ந்த ரப்பராகவும் பின்னது விறைத்த தகடாகவும் கிடைக்கும். இரண்டிலும் மூலக்கூறு ஒன்றே. ஈதரில் கிளைகள் சுருண்டுகொள்ள, ரப்பர் நீண்டு விரிந்து நிற்கிறது. மெத்தனாலில் அதன் மறுதலை. பொருளின் குணத்தை அதன் சேர்மானம் மட்டுமன்றி, அது கடந்துவந்த வழியும் தீர்மானிக்கிறது.

கிளையாக அல்லாமல் சங்கிலியின் முனையில் இன்னொரு சங்கிலி தொடரும் தொகுதி வகையின் கதை வேறு. ஆஞ்சியர், வாட்சன் என்ற ஆய்வாளர்கள் ரப்பரில் இத்தகைய திரவத்தை ஊறவைத்து, காற்றுப் படாமல் அரைத்தார்கள். அரைப்பில் அறுந்த முனைகளிலிருந்து புதுச் சங்கிலி வளர்ந்தது. ஆனால் எங்கே அறும், எவ்வளவு வளரும் என்பது கைக்குள் வரவில்லை. 1956இல் மைக்கேல் ஸ்வார்க் வளரும் முனை அவிந்துபோகாத 'உயிருள்ள' பல்லுறுப்பாக்கத்தை அறிவித்தபின் நீளத்தை அளந்தே கட்ட முடிந்தது. 1960களின் நடுவில் ஷெல் நிறுவனம் ஸ்டைரீன்–பியூட்டாடையீன்–ஸ்டைரீன் வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மரமோ முடிந்த சங்கிலியையே தருகிறது. அதன் நீளத்தைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை. பக்கத்தில் ஒட்டுவதே நமக்கு எளிதாக வாய்த்த வழி.

மரம் தரும் சங்கிலி எந்த நிலையில் ஆலைக்கு வருகிறது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. சீவிய சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அசெட்டிக் போன்ற ஆவியாகும் கொழுப்பமிலங்களை உண்டாக்கும். துகளைச் சுற்றியுள்ள புரதமும் பாஸ்போலிப்பிடும் கலைந்து, பால் திரியும். வினை நடப்பதோ அந்தத் துகளுக்குள். கழுவிக் கவிழ்த்த மங்கு, நேரத்தோடு எடுத்த பால், முன்கூட்டியே சேர்த்த அம்மோனியா ஆகிய மூன்றும் துகளைக் காப்பவை. பாலைச் சுழற்றி அறுபது விழுக்காடு ரப்பராகச் செறிவூட்டும்போது வேண்டாதவை பெருமளவு நீங்கிவிடும் என்று மறுக்கலாம். நீங்கும்தான். ஆனால் கெட்ட பாலைச் சுழற்றி நல்ல பாலாக்க முடியாது; ஆவியாகும் கொழுப்பமில அளவை ஆலைகள் இன்றும் சோதிப்பது அதனால்தான்.

எம்.ஜி.யை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. அதில் ஒட்டிய சங்கிலியோடு ஒட்டாத ரப்பரும் தனி மெத்தாக்ரிலேட் பல்லுறுப்பியும் கலந்தே இருக்கும். கிளையின் நீளமும் சீராக இராது. காலணித் தொழிலில் பி.வி.சி.யை ரப்பரோடு ஒட்டும் பசையாக அது நிலைத்தது. ஸ்டைரீன் வகைகளின் பரந்த சந்தை அதற்குக் கிட்டவில்லை.

ஆனால் அதன் கதை முடியவில்லை. மலேசியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஜி. 49ஐ லித்தியம் உப்போடு சேர்த்து மின்கலங்களுக்கான திண்ம மின்பகுபொருளாக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. மெத்தாக்ரிலேட்டின் ஆக்சிஜன் லித்தியம் அயனியைப் பற்றிக்கொள்ள, ரப்பர் நெகிழ்வைத் தருகிறது. இவ்வகை ஆய்வேடுகள் உப்பின் விழுக்காட்டை நுணுக்கமாகத் தருவதுபோல், பால் எந்த ரக மரத்தினது, சீவி எத்தனை மணி நேரத்தில் அம்மோனியா சேர்ந்தது என்பதையும் எழுத வேண்டும். அந்த விவரத்தைச் சொல்லக்கூடியவர்கள் மரம் சீவுபவர்களும் ஸ்டோரில் பால் அளப்பவர்களும்.