கித்துள் பதநீர் கருப்பட்டியான கதை

கண்டி அரசில் நிலம் பெற்றவர்கள் அதற்கு ஈடாக உழைப்பையும் விளைபொருளையும் கொடுத்தார்கள். இராசகாரியம் எனப்பட்ட அந்த அமைப்பில் கருப்பட்டி காய்ச்சுவதற்கென்றே ஒரு சாதியினர் இருந்தனர். 1660இல் பிடிபட்டு 1679 வரை அந்நாட்டில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் அவர்களைக் குறிப்பிடுகிறார். ஒரு கித்துள் மரம் நாளுக்கு மூன்று நான்கு கலன் பதநீர் தரும் என்றும், கைத்திறன் இருந்தால் கருப்பட்டியை வெள்ளையாகவே எடுக்கலாம் என்றும் எழுதுகிறார். மலைக்காடுகளில் கித்துள் மலிந்திருந்ததால் இத்தொழில் செழித்தது என்பது பாதி விளக்கம்தான். இறக்கிய பதநீர் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும்; அதைச் சேமிக்கவும் இயலாது, மலைப்பாதையில் நெடுந்தூரம் சுமக்கவும் இயலாது. கரைந்த சீனி நீரின் இயல்பை மாற்றுவதால்தான் அந்த விளைச்சல் களஞ்சியத்துக்குரிய பண்டமாயிற்று.

ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் தூய நீர் 98 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் கொதிக்கும். சீனி கரைந்தால் நீர் ஆவியாகும் வேகம் தணியும். கொதிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும். நூறு கிலோ பதநீரில் 12 கிலோ சீனி இருப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் கொதிநிலை கால் பாகைகூட உயராது. 82 கிலோ நீர் ஆவியாகி, எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கு சீனியான பிறகும் உயர்வு நான்கு பாகை அளவே. அதற்குமேல் கட்டியாகும் பதம்வரை வெப்பம் விரைந்தேறும். சற்றுத் தவறினால் பாகு கருகும். நொக்ஸ் கண்ட கைத்திறனுக்கு உண்மையான சோதனை இந்தக் கடைசிக் கட்டம்தான்.

இது வெறும் நீர் வற்றல்தானே என்று கேட்கலாம். ஆனால் கருப்பட்டியாக இறுகுமுன் பாகாகவே இறக்கப்படும் கித்துள் பாணியில் மூன்றிலொரு பங்கு நீர் இருந்தும் அது எளிதில் புளிப்பதில்லை. செறிந்த சீனிக்கரைசல் நுண்ணுயிர்களின் உடலிலிருந்தே நீரை வெளியே இழுத்துவிடுகிறது. காய்ச்சியவர்கள் பார்த்தது பாகின் கெட்டித்தன்மையைத்தான், கொதிநிலையை அல்ல என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான். ஆனால் ஒரே பதநீரில் இரண்டுமே எஞ்சிய நீரின் அளவைப் பின்பற்றுகின்றன. மேலும், 300 மீற்றர் ஏறினால் நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை இறங்கும். வெப்பமானி வைத்திருப்பவர் ஊருக்கு ஊர் கணக்கைத் திருத்த வேண்டும். பதம் பார்ப்பவருக்கு அந்தத் தேவையில்லை. வேதியியலாளர்களான ராவுல்ட்டும் வான்ட் ஹொஃபும் 1880களில் இவ்விளைவுகளை விதிகளாக வகுக்கும் முன்பே, தொழில் இவற்றைக் கையாண்டு வந்தது.

அவ்விதிகள் சொல்லும் முக்கியமான உண்மை, நீர்த்த கரைசலில் கொதிநிலையை உயர்த்துவது துகள்களின் எண்ணிக்கையே, இனம் அன்று என்பது. ஹல் மரப்பட்டை இட்டுப் பதநீரைப் புளிக்காமல் காப்பதன் அருமை இதனால் விளங்கும். புளித்தால் ஒரு சீனி மூலக்கூறு இரண்டாகப் பிளக்கும்; துகள்கள் பெருகும், கருப்பட்டியோ சரியாக இறுகாது. இன்று பாணியில் கரும்புச்சீனி கலக்கப்படும்போது கொதிநிலை அதைக் காட்டிக்கொடுக்காததும் இதனால்தான். இரண்டிலும் உள்ளது பெரும்பாலும் ஒரே சீனி. ஆகவே கலப்படத்தைத் தடுக்க ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. மரமேறுபவரின் உழைப்புக்கு உரிய விலை கிடைத்தால்தான் கலப்படமற்ற பாணி காய்ச்சுவது கட்டுப்படியாகும்.