ராமோ சாமி என்றொரு வித்தைக்காரர்

ஆசிரியர் நண்பர்களே, 'ராமோ சாமி' என்று பலகையில் எழுதிப் பாருங்கள். "ராமசாமியா, டீச்சர்?" என்று பிள்ளைங்க உடனே கேட்பாங்க. ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்த பெயர்தான் அது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து லண்டன் போன வித்தைக்காரர் இவர். வாள் விழுங்கினார், பந்துகளை வீசிப் பிடித்தார். 1819இல் அமெரிக்காவிலும் வித்தை காட்டினார். அக்காலத்தில் லண்டனில் இந்திய வித்தைக்காரர் நான்கு பித்தளைப் பந்துகளை ஒருசேர ஆடவிட்டதைக் கண்டு வியந்து, எழுத்தாளர் ஹாஸ்லிட் ஒரு கட்டுரையே எழுதினார்.

ஆனால் 1850இல் ராமோ சாமி லண்டனில் இறந்தபோது அடக்கச் செலவுக்கே காசில்லை. மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியதாயிற்று.

தோட்டத்துக்கும் வணிகத்துக்கும் கடல் கடந்தவர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம். கைவித்தையை நம்பிப் போன இவரையும் அதில் சேர்த்துச் சொல்லுங்க. கைதட்டல் மட்டும் ஒரு கலைஞருக்குப் போதுமா என்று பிள்ளைகளையே கேளுங்க.