இறுக்கிய நட்டு ஏன் இளகுகிறது?

டிராக்டர் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறோம். ஸ்பேனர் போட்டு, பலம் கொண்ட மட்டும் நட்டை இறுக்குகிறோம். நாலு நாள் உழவு ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு இளகிக் கிடக்கும். மாட்டிய ஆளைத் திட்டுவோம். அவர் மேல் தப்பே இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சங்கதி பொறியாளர்களுக்கே பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

முன்பெல்லாம் இரும்புப் பாலங்களுக்கு ரிவெட்தான். பழுக்கக் காய்ச்சித் துளையில் விட்டுத் தலையை அடிப்பார்கள். ஆறும்போது சுருங்கித் தகடுகளைக் கவ்விக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற அதே சூட்சுமம். 1934-ல் இங்கிலாந்தில் பாத்தோ, பேட்மன் என்ற இருவர், உறுதியான எஃகு போல்ட்டை நன்றாக இறுக்கினால் தகடுகள் வழுக்காமல் நிற்கும் என்று காட்டினார்கள். 1951-ல் அமெரிக்காவில் இதற்கு விதிமுறையே வந்தது.

இறுக்கும்போது என்ன நடக்கிறது? போல்ட் இழுபடுகிறது, ரப்பர் மாதிரி. அந்த இழுப்புதான் பிடிப்பு. ஆனால் எவ்வளவு நீளுகிறது தெரியுமா? இரண்டு அங்குல எஃகு போல்ட்டை முழுப் பலத்துக்கு இறுக்கினாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு தாள் கனம்! இடையில் பெயிண்டும் துருவும் மண்ணும் இருந்து, வண்டி ஓட ஓட அவை நசுங்கி அரைத்தாள் கனம் அமுங்கினால் போதும்; பாதிப் பிடிப்பு போச்சு. நட்டு இம்மியும் திரும்பியிருக்காது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

பிடிப்பு குறைந்த பிறகுதான் நட்டு திரும்பத் தொடங்கும். 1945-ல் குடியர், ஸ்வீனி என்பவர்கள் போல்ட்டை நீளவாக்கில் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். நட்டு கொஞ்சம்தான் இளகியது. 1969-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜெர்ஹார்டு யுங்கர் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். நட்டு தானாகவே சுழன்று பிடிப்பு முழுவதும் போயிற்று. தகடுகள் பக்கவாட்டில் வழுக்குவதுதான் வினை. நாம் மலைபோல் நம்புகிற ஸ்பிரிங் வாஷர் இந்த ஆட்டத்துக்குப் பெரிதாக ஈடுகொடுப்பதில்லை.

இது தெரிந்த பின்பும் விபரீதம் நடந்தது. 2002 மே 10 அன்று, லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் என்ற இடத்தில் ரயில் தடம்புரண்டு 7 பேர் இறந்தார்கள். தண்டவாளம் பிரிகிற இடத்தில் இணைப்புக் கம்பிகளின் நட்டுகள் கழன்றிருந்தது விசாரணையில் தெரிந்தது.

ஆகவே சக்கரம் மாட்டும் முன் தகடு உட்காரும் முகத்திலுள்ள மண்ணையும் துருவையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கொஞ்ச நேரம் ஓட்டியதும் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கழித்து, எவ்வளவு இறுக்கம் என்பது டிராக்டரோடு வந்த கையேட்டில் இருக்கும். மரையில் எண்ணெய் விடலாமா என்பதையும் அதிலேயே பாருங்கள். எண்ணெய் பட்டால் அதே கைப்பலத்துக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். கடைசியில் நட்டிலிருந்து தகடு வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நட்டு திரும்பினால் கோடு உடைந்து தெரியும். கோடு உடையாமலே பிடிப்பு குறைந்திருக்கலாம். அதற்கு ஸ்பேனர்தான் சாட்சி.