கப்பலில் முதிர்ந்த பீரும் கலால் ஏட்டில் அடைபட்ட ஹண்டியாவும்

புதிதாக வரும் கைவினை பீர்களை வீட்டில் வைத்துச் சுவைத்து மதிப்புரை எழுதும் பழக்கம் நம் பெருநகரங்களில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பரவியிருக்கிறது. நிறம், நுரை, மணம், கசப்பு, நாவில் தங்கும் பின்சுவை என்று வரிசையாகக் குறித்து, இறுதியில் மதிப்பெண் இடுகிறார்கள். குடுவை ‘இந்தியா பேல் ஏல்’ வகையாக இருந்துவிட்டால் கூடவே ஒரு வரலாற்றுப் பத்தியும் வந்துவிடும்: இந்தியாவில் வெயிலில் வாடிய ஆங்கிலேயச் சிப்பாய்களுக்காக ஹாட்ஜ்சன் என்ற லண்டன்காரர் ஹாப்ஸும் சாராயச் சத்தும் மிகுந்த, நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும் புதிய பீரைக் கண்டுபிடித்தார் என்ற பத்தி. பல நிறுவனங்கள் இதைக் குடுவையின் மேலேயே அச்சிடுகின்றன. என் கவலை பீரைப் பற்றியது அன்று, அந்தப் பத்தியைப் பற்றியது. அதன் ஒவ்வொரு கூறும் ஆட்டம் காண்கிறது என்பது ஒருபுறம் இருக்க, எந்தச் சுவைக்கு வரலாறு எழுதப்படுகிறது, எதற்கு எழுதப்படுவதில்லை என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது.

ஹாட்ஜ்சனிலிருந்து தொடங்கலாம். ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752இல் கிழக்கு லண்டனின் போ பகுதியில் பீர் ஆலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சரக்கேற்றும் பிளாக்வால் துறை அங்கிருந்து கூப்பிடு தூரம். கம்பெனிக் கப்பல்களின் தலைவர்கள் தம் சொந்தக் கணக்கில் சரக்கு கொண்டுசென்று கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் விற்றுக்கொள்ள உரிமை பெற்றிருந்தனர். அவர்களுக்கு ஹாட்ஜ்சன் பதினெட்டு மாதம் வரை கடன் தவணை கொடுத்தார். அவருடைய வெற்றியின் அடித்தளம் இந்தத் தவணையும் துறைமுக அண்மையும்தான். இந்தியாவுக்குப் பீர் அனுப்பிய முதல் ஆள் அவர் அல்லர். அவருக்கு முன்பே பேல் ஏலும் கருநிறப் போர்ட்டரும் இங்கே இறங்கிக்கொண்டிருந்தன. வெப்ப நாடுகளுக்குச் செல்லும் பீரில் கூடுதலாக ஹாப்ஸ் சேர்க்க வேண்டும் என்ற அறிவுரை 1760களிலேயே இங்கிலாந்து ஆலைகளுக்குத் தெரிந்த ஒன்று. அவர் அனுப்பியது நாட்டுப்புறப் பெருமாளிகைகளில் ஐப்பசிப் பருவத்தில் காய்ச்சி ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கும் பழைய வகைப் பேல் ஏலின் மரபில் வந்தது. அவர்தாம் இதைக் கண்டுபிடித்தார் என்ற கூற்று, பர்ட்டன் நகரைப் பற்றி வில்லியம் மோலினோ 1869இல் எழுதிய நூல் வழியாகப் பரவியது. வணிகம் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின் எழுந்த மூலக்கதை அது.

பெயரின் கதையும் இப்படித்தான். ‘கிழக்கிந்தியப் பேல் ஏல்’ என்ற சொற்றொடர் அச்சில் காணக் கிடைக்கும் மிகத் தொடக்கமான இடங்களில் ஒன்று சிட்னி கெசட் இதழின் 1829 ஆகஸ்டு விளம்பரம். கல்கத்தாவில் இருந்தவனுக்கு இது வெறும் பேல் ஏல். ‘இந்தியா’ என்ற அடைமொழி தேவைப்பட்டது இந்தியாவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு.

சிப்பாய்கள் பற்றிய பகுதி இன்னும் பலவீனமானது. சாதாரணப் படைவீரனுக்குக் கிடைத்தவை சாராயமும், அரசு ஒப்பந்தத்தில் மொத்தமாக வாங்கிய போர்ட்டரும். பேல் ஏல் அதிகாரிகள், வணிகர்கள், நீதிபதிகள் ஆகியோரின் வீட்டு மேசைக்கு உரியது. வகுப்பு வேறுபாடு நாவிலும் ஓடியது. பேல் ஏலை எளிய வீரனின் பானமாகக் காட்டும் கதை அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது; விற்பனைக்கு அது உதவும், வரலாற்றுக்கு உதவாது.

இனி, கல்கத்தா வீட்டு மேசை. பீர் மதிப்புரையின் இந்தியத் தொடக்கத்தை அங்கேதான் தேட வேண்டும் என்பது என் கருத்து. 1820களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் அடுத்த தலைமுறை, கப்பல் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே நேரடியாக ஏற்றுமதி செய்ய முயன்றது. கடன் தவணையும் சுருங்கியது. கம்பெனி வட்டாரம் எரிச்சலுற்றது. கம்பெனி இயக்குநர் கேம்பல் மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டன் நகர ஆலையாளர் சாமுவேல் ஆல்சப்பை 1822 அளவில் விருந்துக்கு அழைத்து, ஹாட்ஜ்சன் பீரைக் காட்டி, இதைப் போல உம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். ரஷ்யச் சந்தையை இழந்து தவித்த பர்ட்டனுக்கு அது நல்வாய்ப்பு. ஆல்சப்பின் மால்ட் வல்லுநர் ஜாப் குட்ஹெட் முதல் மாதிரியைத் தேநீர்க் கெண்டியில் காய்ச்சினார் என்பது பர்ட்டன்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை. கெண்டி உண்மையோ இல்லையோ, பர்ட்டன் கிணற்று நீரில் கரைந்திருந்த ஜிப்சம் உண்மை. அது ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கி, பீரைத் தெளிவாக்கியது. பர்ட்டன் சரக்கு கல்கத்தா ஏலக் கூடங்களில் இறங்கியபோது, அது ஹாட்ஜ்சனுக்கு ஈடாகுமா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் இங்கிருந்த நுகர்வோர். தெளிவு, நிறம், நுரை, புளிப்பேறாத நிலை ஆகியவற்றைப் பற்றி இங்கிருந்து கடிதங்கள் சென்றன; புஷ்னன் என்பவர் பர்ட்டன் பீரைப் பற்றி 1853இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாறு விரிவாகவே இருக்கிறது. ஒரு மேசையின் கருத்து ஆறு மாதக் கடல் கடந்து ஓர் ஆங்கில நகரத்தின் செல்வத்தை முடிவு செய்தது.

அந்த மேசைக்குப் பீரைக் குளிர்வித்துக் கொண்டுவந்தவர் ஆப்தார். முகலாய அரண்மனையிலிருந்து கம்பெனி வீடுகளுக்கு வந்து சேர்ந்த பதவி அது. வெடியுப்பைக் கொண்டு நீரைக் குளிர்விக்கும் முறையை அபுல் ஃபஸல் தம் ஆயினி அக்பரியில் எழுதிவைத்திருக்கிறார். வெடியுப்பு நீரில் கரையும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சும். அந்தக் கரைசலில் புட்டியை இடைவிடாது சுழற்ற வேண்டும். பின் கரைசலைக் காய்ச்சி உப்பை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். எவ்வளவு உப்பு, எவ்வளவு நேரம், எந்தக் குளிர்ச்சியில் பீரின் மணம் அடங்கிவிடாமல் நிற்கும் என்பதெல்லாம் கை அறிந்த நுட்பங்கள். பீகாரில் எடுத்த அதே வெடியுப்புதான் கப்பல்களின் அடித்தளத்தில் ஏறிச் சென்று ஐரோப்பியப் போர்களுக்கு வெடிமருந்தாயிற்று. 1833இல் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடரின் டஸ்கனி கப்பல் பனிக்கட்டியுடன் ஹூக்ளியில் நுழைந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறக்குறைய 100 டன் உருகாமல் வந்தது. ஆப்தாரின் கலை அதன் பின் மெல்ல மங்கியது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அதே டியூடர் வணிகத்தின் கிடங்கு என்பதைச் சென்னை நண்பர்கள் அறிவார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பீருக்கு ஒரு பதிவுண்டு. பீரையும் ஆப்தாரையும் சேர்த்துப் படித்த பீர் வரலாறு என் கண்ணில் அரிதாகவே படுகிறது. (பர்னல், தஞ்சை அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்த அதே பர்னல்தான்.)

அந்தப் பீர் எப்படிச் சுவைத்திருக்கும்? மதிப்புரையாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். இன்றைய இந்தியா பேல் ஏலின் ஆரஞ்சுத் தோல் மணத்துக்கும் பம்பளிமாசுக் கசப்புக்கும் காரணம் பெரும்பாலும் அமெரிக்க ஹாப்ஸ். 1972இல் வெளியிடப்பட்ட காஸ்கேட் என்ற ரகமும், 1975இல் சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை அதைக் கொண்டு செய்த லிபர்ட்டி ஏலும் அந்தச் சுவையின் மூதாதையர். 1978இல் அமெரிக்கா வீட்டில் பீர் காய்ச்சுவதற்கிருந்த கூட்டாட்சித் தடையை நீக்கிய பின், சமையலறைகளிலிருந்து அது உலகெங்கும் பரவியது. அதன் இலக்கணம் புதுமை: ஆலையிலிருந்து வந்த சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும், இல்லையேல் மணம் வடிந்துவிடும். கல்கத்தா பீரின் இலக்கணமோ முதுமை. மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்து, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதம் ஆடி அசைந்து வந்த பீரில் ஹாப்ஸின் இளமணம் நின்றிருக்க வழியில்லை. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாசன், ஆங்கிலேய முதிர்பீர்களின் தனிச்சுவைக்குக் காரணமான ஒரு காட்டு ஈஸ்டைப் பிரித்தெடுத்து 1904இல் அறிவித்தார். ‘பிரிட்டானியப் பூஞ்சை’ என்று பொருள்படும்படி பிரெட்டனோமைசஸ் என்று அதற்குப் பெயரிட்டார். தோல், வைக்கோல், குதிரைக் கொட்டில் என்றெல்லாம் சுவைஞர்கள் வருணிக்கும் மணம் அது தருவது. இன்று ஒருவர் வீட்டில் திறந்த குடுவையில் அந்த மணம் வீசினால் ‘கெட்டுப்போனது’ என்று ஒரே சொல்லில் மதிப்புரை முடிந்துவிடக்கூடும். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துக் கல்கத்தாக்காரன் அதையே பக்குவம் என்று கொண்டாடியிருக்கலாம்.

மதிப்புரையாளர்கள் கையாளும் சொற்களுக்கும் வயது அதிகமில்லை. டேனிஷ் வேதியியலாளர் மார்ட்டன் மெய்ல்கார்ட் 1970களில் உருவாக்கிய சுவைச் சக்கரம் நூற்றுக்கும் மேற்பட்ட மணங்களையும் சுவைகளையும் வட்டத்தில் அடுக்கியது. ஆலைகளுக்கிடையே பேச்சு ஒத்துப்போவதற்காகச் செய்த கருவி அது. மூன்று கோப்பை வைத்து, இரண்டில் ஒரே பீரை ஊற்றி, வேறானது எது என்று கேட்கும் முக்கோணச் சோதனையும் 1940களில் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் உருப்பெற்றதுதான். வீட்டில் செய்யக்கூடிய மிக நேர்மையான சோதனை அது. பெயரட்டையைப் பார்த்துக்கொண்டே மதிப்பெண் இடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது கல்கத்தாவிலிருந்து ரயிலில் ஓர் இரவுகூடப் பிடிக்காத சந்தால் பர்கனாவுக்கு வருவோம். பேல் ஏல் விளம்பரங்கள் கல்கத்தா இதழ்களை நிறைத்த அதே காலத்தில், அங்கே வீடுதோறும் ஹண்டியா ஊறிக்கொண்டிருந்தது. வெந்த சோற்றை ஆறவைத்து, அரிசி மாவோடு வேர்களும் மூலிகைகளும் சேர்த்துப் பிடித்து உலர்த்திய ‘ரானு’ வில்லைகளைப் பொடித்துத் தூவி, பானையில் மூடி, சில நாள் கழித்து நீர் விட்டு வடிக்கிறார்கள். வாற்கோதுமை பீரில் முளைகட்டிய தானியமே தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக் கொடுக்கிறது. ஹண்டியாவில் அந்த வேலையை வில்லையில் வாழும் பூஞ்சைகள் செய்கின்றன, அதே பானையில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. எளிய நுட்பம் அன்று. காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதல் துளிகள் முன்னோருக்கும் போங்காக்களுக்கும் உரியவை.

ஆவணக் காப்பகத்தில் இந்தப் பானத்தைத் தேடினால் அது கலால் கோப்புகளில் கிடைக்கும், ‘பச்வாய்’ என்ற பெயரில். 1909ஆம் ஆண்டு வங்காளக் கலால் சட்டம் அதை நொதித்த அரிசி முதலிய தானியப் பானம் என்று வரையறுத்தது. உரிமம், வீட்டுத் தேவைக்கான அளவு, விலக்கு, மீறல் என்று பக்கங்கள் நீளும். புளிப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு, எந்த வீட்டு ரானு பேர்பெற்றது என்பவை கலால் அதிகாரியின் கட்டங்களில் அடங்காதவை. ஒரே மாகாணத்தில் ஒரு பானம் சுவையாக ஆவணமாயிற்று. இன்னொன்று வரியாகவும் குற்றமாகவும் ஆவணமாயிற்று. இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. பல மாநிலங்களில் பழங்குடியினர் தம் வீட்டுப் பயனுக்குக் காய்ச்சுவது சலுகை என்ற பெயரில் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. நகரத்துச் சிற்றாலை அரிசி பீரோ ‘புத்தாக்கம்’ என்று மதிப்புரை பெறுகிறது.

சுவைச் சொற்கள் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கள் ஆக்கும் முறையைச் சொல்கிறது: கூழை ஆற்றி, முளையமைத்த அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைப்பது. அங்கே ‘வழைச்சு’ நீங்கும்படி விளைவதைப் பற்றிப் பேச்சு வருகிறது. வழைச்சு என்றால் இளமை, பச்சைத்தன்மை. இன்றைய ஆலைகளில் முதிராத பீரைப் ‘பச்சை பீர்’ என்பதும் அதே நாவின் கணிப்பு. சந்தாலியிலும் இத்தகைய சொற்களைத் தேட வேண்டுமானால் கலால் கோப்பை மூடிவிட்டு, போடிங் 1929 முதல் 1936 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட சந்தாலி அகராதியைத் திறக்க வேண்டும். அதன் பின், இன்றும் காய்ச்சுகிற பெண்களிடம் சென்று அமர வேண்டும். அசாமின் டிமாசா மக்களின் ஜூடிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதில் சேரும் தெம்ப்ரா என்ற காட்டுச் செடிப் பட்டையும் அது தரும் தனி இனிப்பும் அரசு ஏட்டில் ஏறின. கலால் ஏட்டில் அல்ல, வேறோர் ஏட்டில்.

மாணவ நண்பர்கள் சிலர் ஆய்வுத் தலைப்புக் கேட்டிருந்தார்கள். 1784இல் தொடங்கிய கல்கத்தா கெசட்டின் மது விளம்பரங்களை ஒருபுறமும், அதே மாகாணத்தின் பிற்காலப் பச்வாய்க் கோப்புகளை மறுபுறமும் வைத்து, சுவையைக் குறிக்கும் சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். முதல் பட்டியலுக்கு ஒரு குறிப்பேடு தேவைப்படும்.